சிறையா, சிகிச்சையா?
குடித்து வாகனம் ஓட்டும் குற்றத்தை மீண்டும் மீண்டும் செய்வோர் பற்றிய ஒரு வாதமும் அதன் குறைகளும்

குற்றத்திற்குத் தண்டனை, நோய்க்குச் சிகிச்சை என்பது யாவரும் ஏற்கும் பாகுபாடு. குற்றமும் நோயும் ஒரே மனிதரிடத்தில் கூடிவரும்போது இப்பாகுபாடு நிலைகுலைந்து போகிறது. மது அருந்தி வாகனம் ஓட்டிப் பிடிபட்டு, தண்டனை பெற்று, வெளியே வந்து, மீண்டும் அதே நிலையில் வண்டியில் ஏறுகிறவர் இத்தகைய மனிதர். இவரைச் சிறைக்கு அனுப்புவதால் பயனில்லை, நீண்டகாலச் சிகிச்சைக்கு அனுப்புவதே முறை என்னும் வாதம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றி, அங்கே நீதிமன்ற நடைமுறையாகவும் உருப்பெற்றுள்ளது. நம் நாட்டிலும் சமூகப்பணியாளர் சிலரும் திருச்சபை ஊழியர் சிலரும் இதனை ஆர்வத்துடன் எடுத்துரைக்கின்றனர்.

கிறிஸ்தவ மனச்சான்றுக்கு இவ்வாதம் இனிமையாக ஒலிப்பது இயல்பே. சிறை என்றால் பழிவாங்குதல், சிகிச்சை என்றால் அன்பு என்று நாம் எளிதில் வகைப்படுத்திவிடுகிறோம். ஆனால் இனிமையாக ஒலிப்பது எல்லா வேளையிலும் நீதியாக அமைவதில்லை. இவ்வாதத்தின் வலிமையை மறைக்காமல் எடுத்துக்காட்டி, பின்னர் அதில் காணப்படும் மூன்று குறைகளைத் திருமறையின் ஒளியில் ஆராய்ந்து, நம் சபைகள் இது குறித்து எந்நிலை எடுக்கலாம் என்று கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. வாதம் வளர்ந்த வரலாறு

குடிப்பழக்கத்தை ஒழுக்கக்கேடு என்று மட்டுமே கருதிய காலம் நெடியது. 1956-இல் அமெரிக்க மருத்துவக் கழகம் குடியடிமைத்தனத்தை மருத்துவர் கவனிக்க வேண்டிய நோய் என அறிவித்தது. 1960-இல் ஜெல்லினெக் என்னும் ஆய்வாளர் இந்நோய்க் கருத்தை விரிவாக ஆராய்ந்து நூலாக வெளியிட்டார். 1962-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், போதைக்கு அடிமைப்பட்டிருப்பதையே குற்றமாக்கித் தண்டிப்பது அரசியல் சட்டத்திற்கு முரணானது என்று ராபின்சன் வழக்கில் தீர்ப்பளித்தது. அவ்வாறாயின் குடிநோயாளர் பொது இடத்தில் குடிவெறியில் இருந்ததற்காகவும் தண்டிக்கப்படலாகாதே என்ற கேள்வி 1968-இல் பாவெல் வழக்கில் எழுந்தது. ஏறத்தாழ நூறு முறை அதே குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டிருந்த ஓர் ஏழைத் தொழிலாளி அவ்வழக்கின் மனுதாரர். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிபதிகள் அவருடைய தண்டனையை உறுதி செய்தனர். அடிமைப்பட்ட நிலை வேறு, அந்நிலையில் செய்யும் செயல் வேறு என்ற கோடு அன்று வரையப்பட்டது.

சட்டம் இவ்வாறு நின்றுவிட, நடைமுறை வேறு வழியில் சென்றது. 1989-இல் ஃபுளோரிடா மாநிலத்தின் மயாமி நகரப் பகுதியில் போதைப்பொருள் குற்றங்களுக்கென ஒரு தனி நீதிமன்றம் நிறுவப்பட்டது. அதன் முன்மாதிரியைப் பின்பற்றி 1995-இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் டோனா ஆனா மாவட்டத்தில், குடித்து வாகனம் ஓட்டுவோருக்கென ஒரு நீதிமன்றம் தொடங்கப்பட்டது. இவ்வகையில் இதுவே முதலாவது என்பர். இம்முறையில் குற்றவாளி தன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். ஓராண்டோ அதற்கு மேலோ படிப்படியான சிகிச்சைக்கு உட்படுகிறார். குறித்த நாள்களில் அதே நீதிபதியின் முன் நின்று தம் நிலையைச் சொல்கிறார். முன்னறிவிப்பின்றி நடைபெறும் மூச்சுச் சோதனைக்கும் சிறுநீர்ச் சோதனைக்கும் இணங்குகிறார். தவறினால் சில நாள் சிறை. நிலைத்து நின்றால் சிறைத்தண்டனை குறைக்கப்படும் அல்லது நிறுத்திவைக்கப்படும்.

2. வாதத்தின் வலிமை

இவ்வாதம் வெறும் இரக்க உணர்ச்சியின் விளைவன்று. சிறை குடியைத் தடுக்கிறது, குடிநோயைத் தொடுவதில்லை. ஆறு மாதம் மதுவின்றி இருந்தவர் வெளியே வரும் நாளில் பழைய தெரு, பழைய நண்பர், பழைய துயரம் ஆகிய யாவும் வாசலில் காத்து நிற்கின்றன. மேலும், நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்த ஒருவர் திடீரென நிறுத்தும்போது, சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்குகின்றன. இரண்டு மூன்று நாள்களில் வலிப்பும் மனக்குழப்பமும் நேரிடலாம். மருத்துவ மேற்பார்வையின்றி இது உயிருக்கே ஆபத்தாகும். காவல் நிலைய அறையோ சிறைக் கொட்டடியோ இதற்கு ஏற்ற இடமன்று.

சிறைத்தண்டனையின் பாரம் குற்றவாளியோடு நிற்பதுமில்லை. ஓட்டுநர் தொழிலால் பிழைக்கும் ஒருவர் சிறை சென்றால் மனைவி கடனாளியாகிறாள்; பிள்ளையின் படிப்பு நிற்கிறது. ஆயர்களாகிய நாம் சந்திப்புக்குச் செல்லும் வீடுகளில் இதனைக் காணாதவர் இலர்.

ஆய்வுகளும் ஓரளவு துணை நிற்கின்றன. இவ்வகைத் தனி நீதிமன்றங்களைப் பற்றிய 154 மதிப்பீடுகளைத் தொகுத்து 2012-இல் வெளியான ஆய்வு, வயதுவந்தோருக்கான போதைப்பொருள் நீதிமன்றங்களில் மீண்டும் குற்றம் புரிவோர் நூற்றுக்கு 50 என்ற நிலையிலிருந்து ஏறத்தாழ 38 என்ற அளவுக்குக் குறைந்ததாகக் கணித்தது. குடித்து வாகனம் ஓட்டுவோருக்கான 28 மதிப்பீடுகளிலும் சராசரிப் பயன் இதனையொத்தே இருந்தது. எனினும், சீட்டுக் குலுக்கல் போன்ற முறையால் இரு குழுக்களாகப் பிரித்து நடத்தப்பட்ட கண்டிப்பான ஆய்வுகளில் இவ்வகை நீதிமன்றங்களின் பயன் ஒருமுகமாக வெளிப்படவில்லை என்பதையும் அதே தொகுப்பு நேர்மையாகக் கூறியது. ஆகவே நம்பிக்கைக்கு இடமுண்டு, ஆரவாரத்திற்கு இடமில்லை.

3. முதற்குறை: காயப்பட்டவர் காணாமற்போதல்

சிகிச்சை வாதத்தில் வரும் மாந்தர் யாவர்? நீதிபதி, மருத்துவர், ஆலோசகர், குற்றவாளி, அவருடைய குடும்பத்தார். சாலையில் அடிபட்டவர் இந்த வட்டத்தில் இல்லை. இதுவே இவ்வாதத்தின் முதற்குறை.

1988 மே 14-ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், சபைச் சிறுவர் சிறுமியரை உல்லாசப் பூங்காவிலிருந்து திரும்ப அழைத்துவந்த திருச்சபைப் பேருந்தின் மீது, நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் வந்த ஒரு சிறு சரக்கு வண்டி மோதியது. பேருந்து தீப்பற்றி 27 பேர் மாண்டனர். அவருள் 24 பேர் இளம்பிராயத்தினர். வண்டியை ஓட்டியவர் மிகுந்த குடிபோதையில் இருந்தார். 1984-இலும் இதே குற்றத்திற்காகப் பிடிபட்டவர். அவருக்கு 16 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1999-இல் அவர் விடுதலை பெற்றார். இதற்கு எட்டாண்டுகளுக்கு முன், 1980-இல், கலிஃபோர்னியாவில் 13 வயது மகளைக் குடித்த ஓட்டுநருக்குப் பலிகொடுத்த கேண்டி லைட்னர், குடித்து ஓட்டுவோருக்கு எதிரான தாய்மாரின் இயக்கத்தைத் தொடங்கினார். அவர் மகளைக் கொன்றவரும் அதே குற்றத்தைத் திரும்பத் திரும்பச் செய்தவரே. அந்தத் தாய்மார் கடுந்தண்டனை கேட்டபோது அவர்களைப் பழிவாங்கும் எண்ணமுடையோர் என்று ஒதுக்கிவிட நமக்கு உரிமை உண்டா?

யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தின் நீதிச்சட்டங்கள் இங்கே நமக்குப் பெரிதும் துணை செய்கின்றன. சண்டையில் ஒருவன் மற்றவனை அடித்துப் படுக்கையில் கிடத்தினால், அடிபட்டவன் எழுந்து கோலூன்றி நடக்கும் நிலை பெற்றபின் அடித்தவன் தண்டனைக்குத் தப்புவான். ஆயினும் அவன் வேலை செய்ய இயலாத நாள்களுக்கு ஈடு கொடுத்து, அவனை முற்றிலும் நலமாக்கும் செலவை ஏற்க வேண்டும் என்று 19-ஆம் வசனம் விதிக்கிறது. குணமாக்குதல் என்னும் சொல் இச்சட்டத்தில் முதலாவது யாருக்கு உரியது என்பதைக் கவனிக்க வேண்டும். அது காயப்பட்டவனுக்கு உரியது. குற்றம் செய்தவனின் குணத்தைப் பற்றி மட்டுமே பேசி, இடுப்பெலும்பு முறிந்து கிடப்பவரின் மருத்துவச் செலவைப் பற்றிப் பேசாத சிகிச்சைத் திட்டம், எத்துணை அன்பு நிறைந்ததாகத் தோன்றினாலும், திருமறையின் நீதிக்குப் பாதி அளவே உடையது.

4. இரண்டாம் குறை: நோய் என்னும் சொல்லின் எல்லை

குடியடிமைத்தனம் நோய் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நோய் என்ற சொல் எதுவரை செல்லும் என்று கேட்க வேண்டும். காய்ச்சல் வந்தவர் உடல் சூடு ஏறியதற்குப் பொறுப்பாளர் அல்லர். குடிநோயாளர் வண்டியை எடுத்ததற்கும் அவ்வாறே பொறுப்பற்றவரா?

தெற்கு டகோட்டா மாநிலத்தின் அனுபவம் இதற்கு ஒரு விடை தருகிறது. அங்கே 2005-இல், அரசுத் தலைமை வழக்கறிஞராயிருந்த லாரி லாங் ஒரு திட்டத்தை முன்னோட்டமாகத் தொடங்கினார். குடித்து வாகனம் ஓட்டும் குற்றத்தைத் திரும்பச் செய்தவர்கள் காலையும் மாலையும் வந்து மூச்சுச் சோதனைக்கு நிற்க வேண்டும், அல்லது உடலில் சோதனைக் கருவியை அணிந்துகொள்ள வேண்டும். மது கண்டறியப்பட்டால் உடனே ஓரிரு நாள் சிறை. தண்டனை சிறிது, ஆனால் தப்பாது, தாமதியாது. இதில் சிகிச்சை கட்டாயமான அங்கம் அன்று. 2013-இல் வெளியான ஆய்வு, இத்திட்டம் நடைபெற்ற மாவட்டங்களில் மீண்டும் குடித்து ஓட்டிக் கைதானோர் தொகை 12 விழுக்காடும், குடும்ப வன்முறைக்காகக் கைதானோர் தொகை 9 விழுக்காடும் குறைந்ததாகக் காட்டியது. பன்முறை தண்டிக்கப்பட்ட குடிகாரரில் மிகப் பலர் ஒவ்வொரு நாளும் இருமுறை மதுவின்றி வந்து நின்றனர். அவர்களுடைய சித்தம் கட்டுண்டிருந்தது உண்மை. செத்துப்போகவில்லை என்பதும் உண்மை. ரோமர் 7-ஆம் அதிகாரத்தில் தன்னோடு தானே போராடும் மனிதனைப் பவுல் காட்டும்போது, அந்தப் போராட்டமே அவனுள் இன்னும் ஒருவன் விழித்திருக்கிறான் என்பதற்குச் சான்றாகிறது.

பொறுப்பு எவ்விடத்தில் தங்குகிறது என்ற கேள்விக்கு மீண்டும் யாத்திராகமம் 21-ஐ நாடலாம். ஒரு மாடு முட்டி ஒருவன் இறந்தால் மாட்டைக் கொல்ல வேண்டும். உரிமையாளன் தண்டனைக்குத் தப்புவான். ஆனால் அம்மாடு முன்னமே முட்டும் பழக்கமுடையது என்று அவனுக்கு எச்சரித்துச் சொல்லியும் அவன் அதைக் கட்டிவைக்காமல் விட்டிருந்தால், அவனும் மரணத்திற்கு உரியவன். அவன்மேல் மீட்பின் விலை சுமத்தப்பட்டால் அதைச் செலுத்தி உயிர் தப்பலாம். மாட்டுக்கு வெறி வந்ததற்கு உரிமையாளன் பொறுப்பல்லன். வெறி வரும் என்று அறிந்தும் கட்டாமல் விட்டதற்கே பொறுப்பாளன் ஆகிறான்.

முதன்முறை பிடிபட்டவருக்கும் மறுமுறை பிடிபட்டவருக்கும் உள்ள வேறுபாடு இதுவே. மறுமுறை பிடிபட்டவர் எச்சரிக்கப்பட்டவர். மூன்று கோப்பைக்குப் பின் அவர் என்ன செய்தார் என்பதை நோய் விளக்கிவிடலாம். அன்று மாலை ஐந்து மணிக்கு, தெளிந்த புத்தியோடு, குடிக்கப் போகும் இடத்திற்கு மோட்டார் சைக்கிளை எடுத்துச் சென்றாரே, அந்த மணிக்கு அவர் விடை சொல்ல வேண்டும். குடித்த நேரத்தின் குற்றத்தைத் தெளிந்த நேரத்தில் தேடுவதே நீதி. சிகிச்சையும் அந்தத் தெளிந்த நேரத்து மனிதனிடத்திலேதான் பேச முடியும்.

இதிலிருந்து நடைமுறைக்குரிய ஒரு முடிவும் பிறக்கிறது. சிறையா சிகிச்சையா என்று வாதாடுவதற்கு முன் மாட்டைக் கட்ட வேண்டும். ஓட்டுநர் ஊதிச் சோதித்த பின்னரே எஞ்சினை இயங்கவிடும் பூட்டுக் கருவி பல அமெரிக்க மாநிலங்களில் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இக்கருவி பொருத்தப்பட்டிருக்கும் காலத்தில் மீண்டும் கைதாவோர் தொகை நடுத்தர அளவில் 67 விழுக்காடு குறைந்ததாக 2011-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு கூறியது. கருவியை அகற்றியதும் பழைய நிலையே திரும்பியது என்பதும் அதில் காணப்படும் செய்தி. கயிறு மாட்டைக் கட்டுமேயன்றிச் சாதுவாக்காது. ஆதலால் கயிறும் வேண்டும், சிகிச்சையும் வேண்டும். இரண்டும் நீண்டகாலம் வேண்டும்.

5. மூன்றாம் குறை: கட்டளையிடப்பட்ட மனந்திரும்புதல்

தண்டனையை முற்றிலும் சிகிச்சையாக மாற்றுவதில் மறைந்திருக்கும் ஆபத்தைச் சி. எஸ். லூயிஸ் 1949-இலேயே ஒரு கட்டுரையில் சுட்டிக்காட்டினார். தகுதிக்கேற்ற தண்டனை என்ற எண்ணத்தை அகற்றிவிட்டால், தண்டனைக்கு எல்லை வகுக்கும் அளவுகோலும் அகன்றுவிடும் என்பது அவர் வாதம். குணமாகும் வரை என்பதற்கு முடிவு நாள் இல்லை; குணமாயிற்று என்று சொல்லும் அதிகாரமும் வல்லுநர் கையிலேயே இருக்கும். பாவெல் வழக்கில் நீதிபதி துர்குட் மார்ஷலும் இதனையொத்த கருத்தைக் கூறினார். சிறைக்குச் சட்டம் ஓர் உச்சவரம்பு வைக்கிறது, சிகிச்சைக்காக அடைத்துவைப்பதற்கு அவ்வரம்பு இல்லை என்பது அவர் கவலை. லூயிஸின் வாதம் முழுமையானதென்று நாம் கொள்ள வேண்டியதில்லை. தகுதியான தண்டனை எது என்று அவர் கேட்கிறார். அத்தண்டனை நோயுற்ற மனிதனுக்குள் என்ன செய்கிறது என்று அவர் போதுமான அளவு கேட்கவில்லை. எனினும், காலவரம்பற்ற அன்பும் கொடுமையாக மாறக்கூடும் என்ற அவர் எச்சரிக்கை நிலைத்து நிற்கிறது.

இதைவிட ஆழமான இடர் நம் ஊழியத்தையே தொடுகிறது. 1935-இல் அமெரிக்காவில் தோன்றிய ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் என்னும் கூட்டுறவு, ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்திலிருந்தும், நியூயார்க் நகர எபிஸ்கோப்பல் ஆயர் சாமுவேல் ஷூமேக்கரிடமிருந்தும் பலவற்றைக் கற்றுக்கொண்டது. தன் இயலாமையை ஏற்றல், மேலான வல்லமைக்குத் தன்னை ஒப்புவித்தல், குற்றங்களை அறிக்கையிடல், தீங்கு இழைக்கப்பட்டோருக்கு ஈடுசெய்தல் என்பன அதன் படிகள். நீதிமன்றங்கள் குற்றவாளிகளை இக்கூட்டங்களுக்குக் கட்டாயமாக அனுப்பத் தொடங்கின. குடித்து ஓட்டியதற்காக இவ்வாறு அனுப்பப்பட்ட கடவுள் நம்பிக்கையற்ற ஒருவர் நியூயார்க் மாநிலத்தில் வழக்குத் தொடுத்தார். 1990-களின் பிற்பகுதியில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வேறு வழி காட்டாமல் சமயத்தன்மையுள்ள கூட்டத்திற்குச் செல்லும்படி அரசு கட்டாயப்படுத்தலாகாது என்பதே அதன் சாரம்.

இத்தீர்ப்பைச் சமயத்திற்கு எதிரானதென்று சிலர் வருந்தினர். இறையியல் கற்றோர் வருந்த வேண்டியதில்லை. சிறைக்கு அஞ்சி முழந்தாளிடுகிறவன் நீதிபதியின் முன்னேதான் முழந்தாளிடுகிறான். முப்பத்தெட்டு ஆண்டுகளாக வியாதியாய்க் கிடந்த மனிதனைப் பெதஸ்தா குளத்தருகே கண்ட இயேசு, முதலாவது அவனுடைய விருப்பத்தைக் கேட்டார். அக்கேள்வியை நீதிமன்ற ஆணை கேட்க இயலாது. அதே அதிகாரத்தில், குணமானவனைத் தேவாலயத்தில் மீண்டும் கண்டபோது, இனிப் பாவம் செய்யாதபடி அவர் அவனை எச்சரித்ததும் உண்டு. விருப்பத்தை மதித்தலும் பொறுப்பை வற்புறுத்தலும் அவரிடத்தில் பகையின்றி ஒன்றுபட்டிருந்தன.

நம் நாட்டில் சமயத்தின் பெயரால் நடைபெறும் மறுவாழ்வு இல்லங்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், குணமாக்கும் நோக்கத்தோடு சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளர் தீயில் கருகி மாண்டது எல்லாச் சமயத்தாருக்கும் உரிய பாடம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் தன் எல்லைக்குள் கொண்டுவந்து, நோயாளரின் இசைவுக்கும் உரிமைக்கும் காப்பளிக்கிறது. பூட்டிய கதவுக்குள் நடத்தப்படும் ஜெபம் எத்தகைய சாட்சியைத் தரும் என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்வோமாக.

6. நம் நாட்டுச் சட்டத்தின் நிலை

அமெரிக்க வாதத்தை அப்படியே நம் மண்ணில் நடுவதற்கு முன் இங்குள்ள நிலையை நோக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருப்பவர் வாகனம் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. 2019-ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப்பின் முதற்குற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்; மறுமுறைக்கு இரண்டாண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அப்பிரிவில் சிகிச்சை என்ற சொல்லே இல்லை. ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், தன் 39-ஆம் பிரிவிலும் 64ஏ பிரிவிலும், சிறு அளவுப் பொருளோடு பிடிபட்ட அடிமைப்பட்டவர் சிகிச்சையை நாடுவதற்குக் கதவைத் திறந்துவைத்துள்ளது. கஞ்சா புகைத்தவனுக்கு உள்ள கதவு குடிநோயாளருக்கு இல்லை. கஞ்சாவைத் தன்னளவில் பயன்படுத்துவதும், பிறர் உயிருக்கு ஊறுசெய்யும்படி வண்டியோட்டுவதும் ஒன்றல்ல என்பது மெய்யே. ஆயினும் நோயை அறிந்துகொள்ளும் அறிவு ஒரு சட்டத்தில் இருந்து மற்றொரு சட்டத்தில் இல்லாதிருப்பது முரண்பாடு.

185-ஆம் பிரிவில் வரும் அல்லது என்னும் சிறு சொல்லும் ஆராயத்தக்கது. பணமுள்ளவர் அபராதம் கட்டி வீடு திரும்புகிறார். பணமில்லாதவர் சிறை செல்கிறார். 2006-இல் மும்பையில், நடைபாதையில் உறங்கிய தொழிலாளரின் மீது குடிபோதையில் ஒருவர் காரை ஏற்றினார். ஏழு பேர் மாண்டனர். விசாரணை நீதிமன்றம் ஆறு மாதச் சிறையும் இழப்பீடும் விதித்தது. உயர் நீதிமன்றம் அதனை மூன்றாண்டாக உயர்த்த, 2012-இல் உச்ச நீதிமன்றம் அம்மூன்றாண்டை உறுதி செய்தது. இத்தகைய நாட்டில், சிறைக்கு மாற்றாகச் சிகிச்சை என்ற சட்டம் வந்தால், குளிரூட்டிய தனியார் மருத்துவமனையில் சில வாரம் தங்கிச் சான்றிதழ் பெற்றுவரும் செல்வந்தருக்கே அது முதலில் பயன்படும் என்ற அச்சம் ஆதாரமற்றதன்று.

அரசின் பங்கையும் மறைத்தல் ஆகாது. தமிழ்நாட்டில் 1983-இல் நிறுவப்பட்ட மாநில வாணிபக் கழகம், 2003 முதல் மதுவைச் சில்லறையிலும் விற்றுவருகிறது. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட வழக்கும் தமிழ்நாட்டிலிருந்து சென்றதே. அந்த ஆணை 2017-இல் ஓரளவு தளர்த்தப்பட்டது. மாலையில் விற்பவரும் இரவில் ஊதச் சொல்பவரும் ஒரே அரசின் ஊழியர். முட்டும் மாட்டுக்குத் தீனி போட்டவருக்கும் எச்சரிக்கை உண்டல்லவா? குடிப்பவரின் பொறுப்பை இது குறைப்பதில்லை. சிகிச்சைச் செலவை யார் ஏற்க வேண்டும் என்ற கேள்விக்கு இது விடையாகிறது.

7. அடைக்கலப் பட்டணமும் லேவியரும்

சிறையும் விடுதலையும் அல்லாத மூன்றாம் நிலை ஒன்றை எண்ணாகமம் 35-ஆம் அதிகாரம் அறியும். கைப்பிசகாய் ஒருவனைக் கொன்றவன் அடைக்கலப் பட்டணத்திற்கு ஓடிப்போகலாம். ஆனால் அவன் சபையின் முன் நின்று விசாரிக்கப்பட வேண்டும். குற்றம் பகையால் விளைந்ததன்று என்று தீர்ந்தபின், பிரதான ஆசாரியனின் மரணம் வரை அவன் அப்பட்டணத்தின் எல்லைக்குள் வாழ வேண்டும். எல்லை கடந்தால் காப்பு இல்லை. பணம் கொடுத்து முன்னதாக வீடு திரும்பவும் இயலாது. அத்தகைய மீட்புப் பொருளை வாங்கலாகாது என்று 32-ஆம் வசனம் தெளிவாகத் தடுக்கிறது.

எச்சரிக்கப்பட்டும் மீண்டும் குடித்து ஓட்டியவரைக் கைப்பிசகாய்க் கொன்றவனோடு முற்றிலும் ஒப்பிட இயலாது. அவர் அவனுக்கும் மாட்டின் உரிமையாளனுக்கும் இடையில் நிற்பவர். ஆகவே இந்த ஏற்பாட்டை உருமாதிரியாக எடுத்துக்கொள்ளாமல், நான்கு நெறிகளை மட்டும் கற்றுக்கொள்வது தகும். முதலாவது, தீர்ப்பு முந்த வேண்டும்: குற்றம் குற்றமென்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டு, காயப்பட்டவரின் சொல் கேட்கப்பட்டு, ஈடும் விதிக்கப்பட்ட பின்னரே சிகிச்சை தொடங்க வேண்டும். இரண்டாவது, எல்லை வேண்டும்: உரிமமும் வாகனமும் விலக்கப்பட்டு, சோதனைகள் நீண்டகாலம் தொடர வேண்டும், அக்காலத்தையும் சட்டமே அளவிட வேண்டும். மூன்றாவது, பணத்தால் சுருக்க இயலாததாய் அது இருக்க வேண்டும். நான்காவது, உயிரிழப்போ ஊனமோ நேர்ந்த வழக்குகளில் சிகிச்சை சிறைக்கு மாற்றாகாது. சிறைக்குள்ளேயே சிகிச்சை சென்று சேர வேண்டும். இந்நெறிகளுக்கு உட்பட்டு, எவரையும் இன்னும் காயப்படுத்தாத, ஆனால் திரும்பத் திரும்பப் பிடிபட்ட குடிநோயாளருக்குச் சிறைக்குப் பதிலாக நீண்டகாலச் சிகிச்சை அளிப்பது நீதிக்கும் இரக்கத்திற்கும் ஒத்தது என்பதே நம் முடிவு. தவறி விழுந்தால் சில நாள் சிறை என்ற அச்சம் அதன் பின்னே நிற்பதும் தகும்.

எண்ணாகமம் 35-இல் இன்னொரு செய்தி உண்டு. அடைக்கலப் பட்டணங்கள் ஆறும் லேவியருக்குக் கொடுக்கப்பட்ட நாற்பத்தெட்டுப் பட்டணங்களைச் சேர்ந்தவை. இரத்தப்பழி சுமந்தவன் வந்து குடியிருக்கும் தெரு, ஆலய ஊழியம் செய்வோரின் தெருவே. கடவுளின் பணிவிடைக்காரர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் அவன் வாழ்ந்தான். சிகிச்சை வேண்டும் என்று மேடையில் முழங்கும் நம் சபைகள், சிகிச்சை முடித்து வந்த ஒருவரை ஞாயிறு ஆராதனையில் தம் அருகே அமர விடுகின்றனவா? அவருக்கு வண்டியோட்டாத வேலை ஒன்றைத் தேடித் தருகின்றனவா? இரவு ஒன்பது மணிக்கு மனம் தடுமாறும்போது அவர் வந்து தட்டக்கூடிய கதவு பங்குமனையில் உண்டா? சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய சிகிச்சை நிறுவனம், குடும்பத்தாரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்ளும் முறையைத் தமிழ்நாட்டிற்குக் காட்டியது. மருத்துவமனையின் சில வாரங்களுக்குப் பின்வரும் நீண்ட ஆண்டுகளை எந்த மருத்துவமனையும் சுமக்க இயலாது. அவற்றைச் சுமப்பதற்கு ஊரில் ஒரு கூட்டம் வேண்டும்.

காயப்பட்டவர் வீட்டையும் மறவாதிருப்போம். கலாத்தியர் 6-இல், ஒருவர் பாரத்தை மற்றவர் சுமக்க வேண்டும் என்று கூறிய அப்போஸ்தலன், சில வரிகளிலேயே ஒவ்வொருவரும் தம் சுமையைத் தாமே சுமக்க வேண்டும் என்றும் கூறுகிறார். குடிநோயாளர் சுமக்க வேண்டியதை நாம் எடுத்துக்கொள்ள இயலாது: அது அவருடைய அறிக்கை, அவர் செலுத்தும் ஈடு, நாள்தோறும் அவர் மறுக்கும் கோப்பை. நாம் சுமக்கக்கூடியது அவருடைய தனிமையும், அவர் மனைவியின் கடனும், அவரால் விதவையானவளின் துயரமும் ஆகும். இறையியல் கல்லூரி முடித்துச் சபைகளுக்குச் செல்லும் மாணவர், தம் சபை எல்லைக்குள் இவ்விருவகை வீடுகளும் எங்குள்ளன என்பதை முதலாண்டிலேயே அறிந்து, இரண்டின் வாசலிலும் காலணியைக் கழற்றி வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு வீட்டுக்கு மட்டும் செல்லும் ஆயர், மற்ற வீட்டுக்கு நீதி சொல்ல இயலாது.